ஏழாம் போர்ட்டின் பச்சை விளக்கு

2008 ஏப்ரல் 26, சனிக்கிழமை. பிற்பகல் 2.12.

குளிர் அறையின் கதவைத் திறந்த தனிஸ்லாஸின் முகத்தில் குளிர் அடிக்கவில்லை. உள்ளே போய் வெப்பமானியைப் பார்த்தான். எட்டு டிகிரியைத் தாண்டவே கூடாத அறையில் இருபத்தாறு காட்டியது. அடுக்குகளில் நாலாயிரத்து இருநூறு குப்பி பாம்புக்கடி மருந்து இருந்தது. இனி அதை யாருக்கும் போட முடியாது, கொட்டித்தான் ஆக வேண்டும்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் இருந்த அந்த மருந்துக் கம்பெனிக்கு தனிஸ்லாஸ் எலெக்ட்ரீஷியன். பதினோரு வருஷ சர்வீஸ். 2.13க்கு அவன் தன் செல்போனிலிருந்து பிரேம்குமாரை அழைத்தான். பிரேம்குமார் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் மேனேஜர். புதுச்சேரி டவுனில், ஏசி போட்ட ஆபீஸில் இருப்பவர்.

"சார், கோல்டு ரூம் சூடாயிடுச்சு. எனக்கு மெசேஜே வரல சார்."

"வரேன்," என்று மட்டும் சொல்லி அவர் போனை வைத்தார்.

2.25க்கு அவர் கார் கேட்டில் நுழைந்தது. 2.28க்கு தனிஸ்லாஸிடம் சாவி வாங்கிக்கொண்டு சர்வர் அறைக்குள் தனியாகப் போனார். 2.40க்கு வெளியே வந்து, கூடியிருந்தவர்கள் முன்னால் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே அறிவித்தார்.

"சர்வரோட கேபிளை எவனோ பிடுங்கிவிட்டிருக்கான். நான் செருகிட்டேன். இப்ப எல்லாம் ஓடுது."

அந்த அறைக்கு ஒரே சாவி. அது தனிஸ்லாஸிடம் இருந்தது. முந்தின நாள்தான் லீவு கேட்டு, கிடைக்காமல், பிரேம்குமாரோடு போனில் சத்தம் போட்டிருந்தான். பத்துப் பேர் கேட்டார்கள். போதாதா? முதலாளி பலராமனுக்குத் தாராளமாகப் போதும். நஷ்டம் வந்தால் காரணம் தேடுகிற பழக்கம் அவருக்கு இல்லை, ஆள் தேடுகிற பழக்கம்தான் உண்டு. ஆளும் கைக்கெட்டுகிற தூரத்தில், காக்கிச் சட்டையில், கையில் ஸ்குரூ டிரைவரோடு நின்றுகொண்டிருந்தான். நாசவேலை என்று போலீஸுக்குப் புகார் போனது.

மாலை 4.30.

சப்-இன்ஸ்பெக்டர் மணியம்மாள் வந்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் கள்ளச்சாராயம், வரப்புத் தகராறு, கோயில் உண்டியல் எல்லாம் பார்த்தவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமும் கிடையாது. அந்தக் கட்டடத்தில் அந்த ஒரு குணம் வேறு எவருக்கும் வாய்த்திருக்கவில்லை.

"சீக்கிரம் ரிமாண்டு பண்ணுங்க," என்றார் பலராமன். "திங்கட்கிழமை வரைக்கும் உள்ளே கிடந்தா புத்தி வரும். எங்க மேனேஜரைப் பாருங்க. ஒரு போன் போட்டதும் பறந்து வந்துட்டார்."

"பாத்துடலாம்," என்றார் மணியம்மாள். "மொதல்ல எது எதோட சேர்ந்துருக்குன்னு சொல்லுங்க."

விஷயம் இவ்வளவுதான். குளிர் அறையின் சூட்டை சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர் நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக் குறித்துக்கொள்ளும். எட்டு டிகிரியைத் தாண்டினால் தனிஸ்லாஸின் செல்லுக்கு மெசேஜ் போகும். மதியம் ஜெனரேட்டர் மாற்றும்போது குளிர் அறையின் கம்ப்ரசர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது நின்றுபோகும். மெசேஜ் வந்ததும் அவன் ஓடிப்போய் பட்டனைத் தட்டுவான், அதோடு சரி. இன்றும் 12.05க்கு கம்ப்ரசர் நின்றது. மெசேஜ் மட்டும் வரவில்லை. சர்வரின் குறிப்பு 11.41லேயே நின்றுபோயிருந்தது. இடையில் யாரும் பார்க்கவும் இல்லை. ஷிப்டு மாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தடவை தவிர அந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பது சட்டம்.

மணியம்மாள் தனிஸ்லாஸை சர்வர் அறைக்குள் கூட்டிப்போனார்.

"சாவி யார்கிட்ட?"

"எங்கிட்டதாம்மா."

"இன்னிக்கி எத்தன தடவ உள்ள வந்த?"

"பன்னண்டு, ஒண்ணு, ரெண்டு. மணிக்கு ஒருக்கா விளக்கப் பாத்து எழுதணும்."

"எந்த விளக்கு?"

தனிஸ்லாஸ் காட்டினான். சர்வருக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு தட்டைப் பெட்டி. நெட்வொர்க் ஸ்விட்ச் என்பார்கள். சுவரில் தட்டுகிற ஸ்விட்ச் இல்லை. இருபத்து நாலு போர்ட், அதாவது இருபத்து நாலு துளைகள். தொழிற்சாலையின் கேபிள்கள் எல்லாம் அதில்தான் வந்து செருகிக்கொள்ளும். ஏழாம் போர்ட்டில் இருந்தது சர்வரின் கேபிள். அதற்கு மேலே ஒரு சின்னப் பச்சை விளக்கு.

கதவில் தொங்கிய தாளை அவர் பார்த்தார். பன்னிரண்டு மணி, பச்சை. ஒரு மணி, பச்சை. இரண்டு மணி, பச்சை.

"கேபிளப் பிடுங்குனா விளக்கு இன்னா ஆவும்?"

"அணைஞ்சிடும்மா."

"பிடுங்கிட்டு, பச்சைன்னு பொய்யா எழுதினியா?"

"இல்லம்மா. சத்தியமா மூணு தரமும் பச்சையாதான் இருந்துச்சு. அதனாலதான் சும்மா இருந்துட்டேன்."

"லீவு எதுக்குக் கேட்ட?"

"எம் பொண்ணு மெரினுக்கு நாளைக்கு சர்ச்சுல புதுநன்மைம்மா, மொத தடவையா அப்பம் வாங்கற நாளு. கோயில்ல எல்லாப் புள்ளைங்களுக்கும் அப்பா அம்மா கூட நிப்பாங்க."

"தரலன்னு கோவம்?"

"கோவந்தாம்மா. அதுக்காகப் பாம்பு கடிச்சவன் மருந்துல கை வைப்பனா?"

மணியம்மாள் கதவில் தொங்கிய தாளைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டார்.

4.50. அடுத்தது பிரேம்குமார். கால்மேல் கால். பளபளவென்று தேய்த்த ஷூ.

"மேடம், இது டெக்னிக்கல் விஷயம். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா..."

"புரியலன்னா நானே கேக்கறேன். காலையில எங்க இருந்தீங்க?"

"டவுன் ஆபீஸ்ல. பன்னண்டரைக்கு பிரான்ஸ்லேர்ந்து வந்த பார்ட்டியோட பீச் ரோட்டுல லஞ்ச்."

"தனிஸ்லாஸ் போன் பண்ணப்ப?"

"லஞ்ச்லதான் இருந்தேன். கையக்கூட சரியா கழுவல, அப்படியே ஓடி வந்தேன்."

"உள்ள வந்து எதையெல்லாம் தொட்டீங்க?"

"அந்த ஒரு கேபிள். கீழே தொங்கிட்டிருந்தது. செருகினேன். வேற எதையும் தொடல."

"இங்க அடிக்கடி வருவீங்களா?"

அவர் சிரித்தார். "எதுக்கு மேடம்? எல்லாத்தையும் டவுன்லேர்ந்தே பாத்துக்கலாம். அதுக்குத்தானே நெட்வொர்க்."

"அந்தத் தாள்ல மூணு தடவை பச்சைன்னு எழுதியிருக்கே?"

"அவன் எழுதறதெல்லாம் ஒரு சாட்சியா?" என்றார் பிரேம்குமார். பிறகு ஒரு நிமிஷம் யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. "சரி, விளக்கு எரிஞ்சதுன்னே வச்சுக்குவோம். அப்ப யாரோ செட்டிங்கை மாத்தியிருக்கணும். பாஸ்வேர்டு ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான், எனக்குக் கீழே வேலை செய்யற சுமலதா. அந்தப் பொண்ணு ஏதாவது கை வச்சிருக்கும்."

இதுவரை எலெக்ட்ரீஷியன், இப்போது ஜூனியர் பெண். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மனிதருக்கு எந்தக் கூடமாக இருந்தாலும் சரி, கோணினால் போதும். மணியம்மாள் சுமலதாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னார்.

வெளியே நடையில் பேக்கிங் பிரிவு வீராயி வழியை மறித்தாள்.

"நீங்க போலீசுதான? எனக்கு ஒரு ஞாயம் சொல்லிட்டுப் போங்க."

"வீராயி, போய் வேலையப் பாரு," என்றார் பலராமன்.

"நீங்க இருங்க மொதலாளி. ரெண்டர ஷிப்டுக்கு நான் ரெண்டு இருபத்தெட்டுக்கே பஞ்ச் மெஷினாண்ட லைன்ல நிக்கறேன். எனக்கு முன்னாடி நிக்கறவ கார்டு தேய்ச்சா, வேல செஞ்சுது. நான் தேய்க்கறேன், மெஷினு செத்துப்போச்சு. நாலு நிமிஷம் கழிச்சு அதுவா உசுரு வந்துச்சு. எனக்கும் பின்னாடி நின்ன பதினாலு பேருக்கும் லேட்டு போட்டுட்டாங்க. மெஷினு செத்தா அதுக்கு நாங்களா சாவறது?"

"எத்தன மணிக்கு செத்துச்சு?"

"ரெண்டு முப்பத்தொண்ணு. மேல கடியாரம் இருக்குதே. அந்த டவுன் சாரு உள்ள போன ஒடனேதான். என்னாண்டதான் வந்து கேட்டாரு, கம்ப்யூட்டர் ரூமு எதுன்னு."

பிரேம்குமார் பலராமனைப் பார்த்துக் கண்ணடித்தார். "நாலாயிரம் குப்பி போயிருக்கு, இவங்க பஞ்ச் மெஷினை விசாரிக்கிறாங்க."

மணியம்மாள் நோட்டில் 2.31 என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டார். லேட் மார்க்கைப் பற்றி ஒரு பேக்கிங்காரி புலம்பினால் அதைக் காதில் வாங்குகிற ஆள் அந்தக் கம்பெனியில் பிறக்கவில்லை. அது அந்தக் கம்பெனியின் தலையெழுத்து.

5.50.

சுமலதா மூச்சிரைக்க சர்வர் அறைக்கு வந்தாள். இருபத்து நாலு வயசு இருக்கும். "சாரி மேடம். உடனே கெளம்பிட்டேன். பஸ்ஸு கோரிமேடு தாண்டவே அரை மணி ஆயிடுச்சு."

"பரவால்ல. பதினொண்ணு நாப்பதுக்கு எங்க இருந்த?"

"ஆபீஸ்ல மேடம். என் சீட்ல."

"உங்க சார்?"

"சாரும் அவர் கேபின்லதான்."

"இந்தப் பெட்டியோட செட்டிங்க டவுன்லேர்ந்து மாத்தணும்னா வழி என்ன?"

"நேர் வழி இல்ல மேடம். மொதல்ல சர்வருக்குள்ள வரணும். அதுக்குள்ளேர்ந்துதான் பெட்டிக்குப் போகணும்."

"அப்ப ஏழாம் நம்பர்ல கை வச்சா?"

"நாம ஏறி நிக்கற கிளையே அதுதான் மேடம். தப்பா மாத்தினா சர்வரும் போயிடும், பெட்டிக்குப் போற வழியும் போயிடும். விளக்கு மட்டும் பச்சையா எரியும். கேபிள் மாட்டித்தானே இருக்கு."

"வேற பின்வாசல் கெடையாதா?"

"இருக்கு. சர்வர் படுத்துட்டா வெளியிலேர்ந்து தட்டி எழுப்ப அதுக்குள்ளயே தனியா ஒரு கார்டு வச்சிருக்காங்க. ஆனா இங்க அதுக்குன்னு தனி கேபிள் போடல. அதுவும் இதே ஏழாம் போர்ட்லதான் போகுது. தனியா இழுக்கச் சொல்லி மூணு தடவை மெயில் போட்டேன். யாரும் கேக்கல. அதான் போன வருஷம் வந்தப்ப சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போனேன்."

சர்வரின் நெற்றியில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. 'இரண்டுக்கும் ஒரே கேபிள். ஏழில் கை வைக்காதே.' ஒரு தடவை இந்த அறைக்குள் வந்து போனவன் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

"நீ மாத்தறதா இருந்தா எப்படி மாத்துவ?"

"மொதல்ல பெட்டிக்குக் கெடு வைப்பேன் மேடம். பத்து நிமிஷத்துல நீயா அணைஞ்சு எழுந்துக்கோன்னு சொல்லிடுவேன். அதுக்கப்புறம்தான் செட்டிங்ல கை வைப்பேன். சரியா வந்தா கெடுவ ரத்து பண்ணிட்டு சேமிச்சுடுவேன். தப்பாகி வழி அடைஞ்சுட்டா நான் ஒண்ணும் செய்ய வேணாம். பத்து நிமிஷத்துல பெட்டி அதுவே அணைஞ்சு எழுந்துக்கும். சேமிக்காதது எல்லாம் அதுக்கு மறந்துடும், பழைய செட்டிங் வந்துடும்."

"அப்ப கரண்ட்டப் பிடுங்கி மாட்டினாலும் மறந்துடுமா?"

"மறந்துடும் மேடம்."

"உங்க சாரும் கெடு வைப்பாரா?"

சுமலதா வாசலில் நின்ற பிரேம்குமாரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "சார் சிரிப்பாரு. கை நடுங்கறவங்களுக்குத்தான் கெடுன்னு சொல்வாரு."

"கேபிள் பிடுங்கினா அது சர்வருக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். அந்த நிமிஷமே குறிச்சு வச்சுக்கும்."

"எடுத்துக் காட்டு."

சுமலதா உட்கார்ந்து தட்டினாள். திரையில் வந்ததைப் படித்தவள் ஒரு தடவை நிறுத்தி மறுபடியும் படித்தாள். "இன்னிக்கு ஒரே ஒரு தடவைதான் மேடம் கேபிள் உயிர் போயிருக்கு. பதினொண்ணு நாப்பத்தொண்ணுக்கு இல்ல. மத்தியானம் ரெண்டு முப்பத்தொண்ணுக்கு."

6.30.

மணியம்மாள் எல்லாரையும் சர்வர் அறை வாசலில் நிற்க வைத்தார். பலராமனுக்கு மட்டும் நாற்காலி. அவருக்கு அது தேவைப்படப் போகிறது.

"தனிஸ்லாஸ் கேபிளப் பிடுங்கல," என்றார் அவர். "பிடுங்கியிருந்தா பதினொண்ணு நாப்பத்தொண்ணுக்கே சர்வர் எழுதியிருக்கும். எழுதல. விளக்கும் பச்சையாத்தான் இருந்திருக்கு. அப்ப கேபிள் இருந்த எடத்துலயே இருந்துது, யாரோ செட்டிங்க மாத்தியிருக்காங்க. அது டவுன்லேர்ந்துதான் முடியும். பாஸ்வேர்டு ரெண்டு பேருக்கு. சுமலதா மாத்தியிருந்தா கெடு வச்சிருப்பா. அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ, பெட்டி அதுவா எழுந்திருக்கும். எழல. கிட்டத்தட்ட மூணு மணி நேரம் அப்படியே கெடந்துது."

"இதெல்லாம் யூகம்," என்றார் பிரேம்குமார்.

"இருங்க. ரெண்டு முப்பத்தொண்ணுக்கு ரூம்ல யார் இருந்தா? நீங்க தனியா இருந்தீங்க. ஒரு கேபிள மட்டும் செருகினேன்னு சொன்னீங்க. ஒரு கேபிளச் செருகினா பஞ்ச் மெஷினு ஏன் சாவுது? அதுவும் இதே பெட்டியிலதான் மாட்டியிருக்கு, வேற துளையில. மொத்தப் பெட்டியோட பிளக்கையும் பிடுங்கினாதான் அது சாவும். பதினஞ்சு பேரு லைன்ல நின்னு பாத்திருக்காங்க. நீங்க கேபிளச் செருகல. நீங்க பண்ணத மறக்கடிக்கப் பெட்டிய அணைச்சு எழுப்பினீங்க."

பலராமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொண்ணு. மொதலாளி சொன்னாரே, போன் போட்டதும் பறந்து வந்தாருன்னு. போன் ரெண்டு பதிமூணு. கேட் நோட்டுல ரெண்டு இருபத்தஞ்சு. பீச் ரோட்டுலேர்ந்து சேதராப்பட்டுக்குப் பன்னண்டு நிமிஷத்துல எந்தக் காரு வரும்? அந்தப் பொண்ணு பஸ்ஸுல கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆச்சு. காரா இருந்தாலும் அரை மணிக்குக் கொறையாது. தனிஸ்லாஸ் போன் வர்றதுக்கு முன்னாடியே நீங்க பாதி வழியில இருந்தீங்க. கெட்டுப்போனது யாரும் சொல்லாமலே உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இனி 'அவர்' வேண்டாம். பிரேம்குமார் வியர்த்தான். நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டினவனுக்காவது கீழே விழுந்ததும் புத்தி வந்திருக்கும். இவன் விழுந்து எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, மரத்தடியில் நின்றவன்தான் வெட்டினான் என்று கைகாட்டினான். இரண்டு வருஷம் மேனேஜராக இருந்தவனுக்கு சர்வர் அறை எந்தப் பக்கம் என்று வீராயியைக் கேட்க வேண்டியிருந்தது. சேதராப்பட்டுப் புழுதி ஷூவுக்கு ஆகாதாம்.

"நெட்வொர்க்ல சர்வரைத் தனிப் பிரிவா பிரிச்சுப் போடணும்னு ஆடிட்டர் சொன்னாங்க," என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது. "அஞ்சு நிமிஷ வேலை. லஞ்சுக்கு முன்னாடி முடிச்சுடலாம்னு பாத்தேன். ஏழாம் போர்ட்டோட செட்டிங்கை மாத்தினதும் எல்லாமே அடைஞ்சுபோச்சு. பின்வாசலும் அதே கேபிள்னு எனக்குத் தெரியாது. செட்டிங் மாத்தினது ஒரு குத்தமா மேடம்? நான் வேணும்னு பண்ணலையே."

"செட்டிங் மாத்தினதுக்கு உங்கள எவனும் ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் மணியம்மாள். "பதினொண்ணு நாப்பத்தொண்ணுக்கே உங்களுக்குத் தெரியும். பன்னண்டு அஞ்சுக்குத்தான் கம்ப்ரசர் நின்னுது. நடுவுல இருபத்து நாலு நிமிஷம். தனிஸ்லாஸ் நம்பர் உங்க செல்லுல இருக்கு. பிளக்கப் பிடுங்கி மாட்டுப்பான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாலாயிரம் குப்பியும் இப்ப ஜில்லுன்னு இருக்கும். சொன்னீங்களா?"

"எலெக்ட்ரீஷியன்கிட்ட போய்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

எல்லாரும் கேட்டுவிட்டார்கள். வாயிலிருந்து விழுந்ததை எந்தப் பிளக்கைப் பிடுங்கியும் மறக்கடிக்க முடியாது.

"கௌரவம் போயிடும்னு சாப்பிடப் போயிட்டீங்க," என்றார் மணியம்மாள். "சாப்பிட்டு, யாருக்கும் தெரியாம சரி பண்ணிடலாம்னு கெளம்பினீங்க. முடியலன்னதும் இவன் தலையில போட்டீங்க. பொய்ப் புகாருக்குச் சட்டத்துல எடம் இருக்கு. ஸ்டேஷனுக்கு வாங்க, எதுல போடறதுன்னு அங்க பாத்துக்கலாம். மொதலாளி, உங்க புகாரத் திருப்பி எழுதித் தாங்க. பேரு மட்டும் மாத்தினா போதும்."

பலராமன் தனிஸ்லாஸைப் பார்க்காமல் பேனாவைத் தேடினார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் வரும் என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை.

மணியம்மாள் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "தனிஸ்லாஸ், ஒண்ணு கேக்கறேன். காலையிலயே சார் உனக்கு போன் பண்ணியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"போயி பிளக்க எடுத்து மாட்டியிருப்பேம்மா. ரெண்டு நிமிஷ வேல."

"அப்புறம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பியா? மேனேஜரு தப்பு பண்ணிட்டாருன்னு?"

தனிஸ்லாஸுக்குக் கேள்வியே விளங்கவில்லை. பிரேம்குமாரின் முகத்தைப் பார்த்தான்.

"அது தப்புன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? சார் பிடுங்கி மாட்டச் சொன்னாரு, மாட்டினேன்னு போயிருப்பேன்."

அதுவரை விறைப்பாக நின்ற பிரேம்குமார், அதைக் கேட்ட பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.